நனைந்த தானியமும் நகல் மென்பொருளும்

 

இன்று நமது ஜமாஅத் அலுவலகங்களில் ஒரு கணினி இருக்கிறது. அதற்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? நிக்காஹ் பதிவுகள் இருக்கின்றன. மஹல்லாவாசிகளின் பெயர், முகவரி, கைபேசி எண் இருக்கின்றன. பைத்துல்மால் கணக்கு இருக்கிறது. யாருக்கு ஜகாத் கொடுக்கப்பட்டது, எந்த விதவைச் சகோதரிக்கு மாதாமாதம் உதவி போகிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு கட்டப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. கூடவே ஆதார் நகல்கள், வங்கிக் கணக்கு எண்கள். வாங்குகிறவருடைய மானம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக நிர்வாகிகளில் இரண்டு மூன்று பேருக்கு மேல் யாருக்கும் தெரியக் கூடாது என்று வைத்திருக்கிற விவரங்கள் அவை. சுத்தமான அமானிதம்.

அந்தக் கணினியில் ஓடுகிற விண்டோஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்" என்பார்கள். அதற்கு பில் இருக்கிறதா என்றால் இருக்காது. கணினிக்கு பில் இருக்கும், பிரிண்டருக்கு இருக்கும், மேசை நாற்காலிக்குக்கூட இருக்கும். மென்பொருளுக்கு மட்டும் இருக்காது. நம் வீடுகளிலும் கடைகளிலும் இதே நிலைதான்.

மதீனாவின் கடைவீதியில் நடந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். வியாபாரிகளுக்கான எச்சரிக்கையாக மட்டுமே இதை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதில் வாங்குகிறவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மேலே காய்ந்திருக்கிறதே என்று நபியவர்கள் நகர்ந்துவிடவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

போலி மென்பொருளும் அப்படிப்பட்ட குவியல்தான். மேலே பார்த்தால் அசல் போலவே இருக்கும், அசல் போலவே வேலை செய்யும். ஈரம் உள்ளே இருக்கும். எங்கே கையை விட்டுப் பார்ப்பது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

"பெரிய கம்பெனிதானே, அவனுக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எதுவும் காதில் ஏறாது.

ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களைக் கொலை செய்யத் திட்டமிட்ட அதே மக்காவாசிகளின் பொருள்கள் அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். பொருளுக்குச் சொந்தக்காரன் நல்லவனா, கெட்டவனா, நம் மார்க்கத்தவனா, பணக்காரனா என்று பார்த்து ஹக் மாறுவதில்லை.

மென்பொருள் கையால் தொட முடியாத ஒன்று. அதற்கு உரிமை உண்டா என்று சிலர் கேட்பார்கள். ஓ.ஐ.சி.யின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இதைப் பற்றி விவாதித்து, வணிகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவை ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டிய உரிமைகள், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. தனிப்பட்ட தேவைக்கு மட்டும் சலுகை சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆனால் அசல் என்று சொல்லிப் போலியை விற்பதற்கோ, அதை வைத்துத் தொழில் நடத்திச் சம்பாதிப்பதற்கோ அந்தச் சலுகையை இழுத்துவர முடியாது.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடுவதற்கு நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. "தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏமாந்து வாங்கியவரும் தெரிந்து வாங்கியவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. மார்க்கத்திலும் ஒன்றல்ல. ஆனால் கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்பவர் எந்த வரிசையில் நிற்பார் என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளட்டும்.

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது என்று மதிப்பிட்டது. விற்பவர்களே எடுத்த கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொண்டாலும், இரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பக்கத்தில் வருகிறது.

வாங்கும் முன்

போலி என்றால் மார்க்கரால் பெயர் எழுதிய டிவிடி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் பழைய கதை. அந்தக் காலத்து அசல் விண்டோஸ் டிஸ்க்கில் ஹாலோகிராம் விளிம்பிலிருந்து விளிம்பு வரை டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கும். போலியில் மேலே ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும். இப்போது டிஸ்க்கே அருகிவிட்டது. விற்பனை நடப்பது பெரும்பாலும் "கீ" எனப்படும் 25 எழுத்துகளைக் கொண்ட ஒரு வரிசையில்தான். அதனால் ஏமாற்று வேலையும் அங்கேயே குடிபோய்விட்டது.

கீ அசலாகவே இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கு விற்கப்பட வேண்டிய கீயாக இருக்காது. இதைப் புரிந்துகொண்டால் பாதி பாடம் முடிந்தது. விண்டோஸ் உரிமம் மூன்று வழிகளில் வருகிறது. கடையில் தனியாக வாங்குவது ஒன்று. அதை ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் கணினியோடு சேர்ந்தே வருவது இன்னொன்று. அது அந்தக் கணினியோடு பிறந்து அதோடு முடிகிறது. பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக வாங்குவது மூன்றாவது. அது அந்த நிறுவனத்துக்கு மட்டும். இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் கீ" என்று விற்பவை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகைகளிலிருந்து உருவப்பட்டவை. உடைத்து எடைக்குப் போட்ட கணினியின் கீயும் ஏதோ ஒரு கல்லூரியின் கீயும் இப்படித்தான் கை மாறுகின்றன. முதலில் வேலை செய்யும். நூறு பேர் அதைப் பயன்படுத்துவதைக் கவனித்து மைக்ரோசாஃப்ட் முடக்கும்போது நின்றுவிடும். அதற்குள் விற்றவர் வேறு பெயரில் கடை போட்டிருப்பார்.

எனவே முதல் அடையாளம் விலை. மைக்ரோசாஃப்டின் தளத்தில் அன்றைய விலையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒன்றை ஒருவர் பத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்தால் தள்ளுபடி என்று நினைத்து மகிழாதீர்கள். தங்கத்தைக் கிராம் ஐந்நூறுக்கு ஒருவர் கொடுத்தால் வாங்குவீர்களா, உரசிப் பார்ப்பீர்களா?

இரண்டாவது, எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்று பாருங்கள். "விண்டோஸ் என்டர்பிரைஸ்", "எல்டிஎஸ்சி", "ஆஃபிஸ் புரொஃபஷனல் பிளஸ்" ஆகியவை நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்தில் வருபவை. தனி ஆளுக்குக் கடையில் ஒன்று என்று விற்கப்படுவதில்லை. வீட்டுக்கு வாங்கிய கணினியில் அந்தப் பெயர் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடோபியும் அப்படித்தான். 2013க்குப் பிறகு வந்த ஃபோட்டோஷாப் பதிப்புகள் மாத, ஆண்டுச் சந்தாவில் மட்டுமே கிடைக்கின்றன. ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வகையில் வந்த கடைசிப் பதிப்பு சிஎஸ்6. ஆகவே "புதிய ஃபோட்டோஷாப், லைஃப்டைம்" என்று யாராவது சொன்னால் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒரு பொருளை அடோபி விற்கவே இல்லை. (ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் என்பது வேறு, எளிமையான பொருள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அழைப்பிதழ், பேனர் தொழில் செய்கிற நம் சகோதரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு தந்திரம் இப்போது பரவலாக இருக்கிறது. கீ கொடுக்க மாட்டார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து, "இதில் லாகின் செய்யுங்கள், ஆஃபிஸ் 365 ஆயுசுக்கும் வரும், ஐந்து கணினியில் போடலாம், ஒன்டிரைவில் இடமும் இலவசம்" என்பார்கள். ஆஃபிஸ் 365 என்பதே சந்தா. ஆயுள் சந்தா என்று ஒன்று கிடையாது. அந்த முகவரி யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு நிர்வாகி இருக்கிறார். நீங்கள் ஒன்டிரைவில் போடுகிற ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கவும், கணக்கை ஒரு நாளில் அழிக்கவும் அவரால் முடியும். பிள்ளையின் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் முகம் தெரியாத ஒருவருடைய அலமாரியில் வைத்துவிட்டு, சாவி நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டிக்கரை மட்டும் தனியாக விற்பதும் உண்டு. கணினியின் அடியில் ஒட்டியிருக்குமே, அந்த அசல் சான்று லேபிள். அது உரிமத்துக்கு அடையாளம். அதுவே உரிமம் அல்ல. தனியாக விற்கப்படும் லேபிளை வாங்கவே கூடாது. விண்டோஸ் 7 காலம் வரை லேபிளிலேயே கீ அச்சாகியிருக்கும். விண்டோஸ் 8க்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் கணினிகளில் கீ மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது, லேபிளில் கீ இருக்காது. ஆகவே புதிய பிராண்டட் லேப்டாப்பில் கீ இல்லாத லேபிளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் நம்மில் நிறைய. ஐ.டி. நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்புகள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான், வாங்கலாம். ஆனால் அந்த நிறுவனம் தன் மொத்த உரிமத்தில் போட்டிருந்த என்டர்பிரைஸ் பதிப்பு லேப்டாப்போடு உங்களுக்கு வராது. அடியில் உள்ள லேபிளில் "விண்டோஸ் புரோ" என்றும் திரையில் "என்டர்பிரைஸ்" என்றும் இருந்தால், கடைக்காரரிடம் லேபிளில் உள்ள பதிப்பையே போட்டுத் தரச் சொல்லுங்கள். மதர்போர்டில் கீ இருந்தால் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். செலவே இல்லாமல் ஹலாலாக முடிகிற வேலை; கேட்பதற்குத்தான் ஆளில்லை.

டேலி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கடைக்காரர்களின் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. அசல் டேலி வாங்கினால் ஒரு சீரியல் எண்ணும் ஆக்டிவேஷன் கீயும் கிடைக்கும். ஆக்டிவேட் செய்யும்போது ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும். திறவுகோல் அந்த முகவரிக்குத்தான் வரும். அந்த இடத்தில் கவனமாக இருங்கள். விற்க வந்தவர் தன் முகவரியைப் போட்டால் லைசென்ஸ் அவருடையது, உங்களுடையது அல்ல. ஒருவருக்கான சில்வர் லைசென்ஸை வாங்கி மூன்று கடைகளுக்குப் பிரித்து விற்றவர்களும் உண்டு. "பாய், நம்ம ஆளுதான், மெயில் எல்லாம் எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்றால், நம்ம ஆளாக இருப்பதால்தான் உங்கள் மெயிலைப் போடச் சொல்ல வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குத் திருட்டு டேலி தேவையே இல்லை. டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் வவுச்சர் போட முடியும். கற்றுக்கொள்வதற்கு அது தாராளம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக பில். அதில் மென்பொருளின் பெயர், பதிப்பு, விலை தனி வரியாக, ஜிஎஸ்டியோடு இருக்க வேண்டும். "சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் 300 ரூபாய்" என்று எழுதியிருந்தால் அது அவருடைய கூலிக்கான பில். மென்பொருளை அவர் விற்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

வாங்கிய பின்

வீட்டில் ஏற்கனவே இருக்கிற கணினியை எப்படிப் பார்ப்பது? செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தால் சாதாரணமாக நல்லது. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தால் யோசியுங்கள். வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்?

இன்னும் ஆழமாகக் கையை விட வேண்டுமானால், விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்துங்கள். வருகிற சிறு கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி இருக்கும் விசையிலுள்ள சாய்கோட்டைப் போட்டு, அதை ஒட்டியே எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் கொடுங்கள். சில நொடிகளில் ஒரு செய்தி வரும். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றோ, இன்ன தேதியில் முடியும் என்றோ சொல்லும். முடியும் தேதி ஒன்று, அதுவும் ஆறு மாதத்துக்குள் இருந்தால், உங்கள் கணினியில் கே.எம்.எஸ். முறை ஓடுகிறது. நிறுவனங்கள் தங்கள் சர்வர் மூலம் எல்லாக் கணினிகளையும் 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள ஏற்பட்ட முறை அது. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இருந்தால் சரி. சொந்தக் கணினியில் இருந்தால், ஒரு கிராக் புரோகிராம் அந்த சர்வரைப் போல வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

அதே கட்டத்தில் கடைசி மூன்று எழுத்துகளுக்குப் பதில் டி, எல், ஐ என்று அடித்தால் உரிமம் எந்த வழியில் வந்தது என்பதையே காட்டும். ரீடெயில், ஓஇஎம், வால்யூம் என்ற சொற்களில் ஒன்று இருக்கும். வால்யூம் என்றால் நிறுவனத்துக்குரியது. உங்களிடம் இருக்கும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையின் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று மங்கலாக எழுத்து தெரிந்தால் சிலர் வெட்கப்பட்டு அதை மறைக்க கிராக் போடுகிறார்கள். அந்த எழுத்து உண்மையைச் சொல்கிறது, இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை என்கிறது. ஈரத்தை மேலே வைத்த குவியல் அது. அதை மறைக்கப் போடுகிற கிராக்தான் ஈரத்தை அடியில் தள்ளுகிறது.

அதோடு ஒரு பெரிய ஆபத்தையும் உள்ளே விடுகிறது. கிராக் வேலை செய்ய வேண்டுமானால் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வாருங்கள், பிறகு உள்ளே வருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனைத் தச்சன் என்று நம்புவோமா? விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். சோதிக்காமல் விட வேண்டிய இடங்களின் பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்காதபோது அங்கே ஒரு ஃபோல்டரின் பெயர் இருந்தால், யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஆட்டோகேஎம்எஸ், கேஎம்எஸ்பிகோ போன்ற பெயர்களை அங்கேயோ டாஸ்க் ஷெட்யூலரிலோ கண்டால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் அப்டேட் நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருப்பதும் ஓர் அறிகுறி. அடோபி கிராக் போட்ட கணினிகளில், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் கிடைக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பில் அடோபியின் முகவரிகளைத் தடுக்கும் வரிகள் வரிசையாக இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சீனாவின் நகரங்களில் கடைகளுக்குப் போய் 20 புதுக் கணினிகளை வாங்கிச் சோதித்தார்கள். போலி விண்டோஸ் போட்டிருந்த அவற்றில் 4இல் தீய மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே நோய். அதில் ஒன்றின் பெயர் நிடோல். மறுஆண்டு நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதை முடக்க முடிந்தது. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் பணயத் தீநிரல் பெரும்பாலும் கிராக் மூலமாகவே வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2021இல் கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் உலவிய போலி நிறுவி ஒன்றுக்குள் கிரிப்ட்பாட் இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டார்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. இப்போது ஜமாஅத் கணினியில் உள்ள அந்தப் பட்டியலை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரு விதவைச் சகோதரியின் வறுமை யாருடைய கைக்குப் போகும்?

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை சோதனையிலும் ஒன்றும் தெரியாமல் தப்பிக்கிற போலிகளும் உண்டு. திரை எல்லாம் சரி என்று சொல்லும். ஆகவே சோதனையில் தேறியது என்பதோடு, பில்லும் இருக்க வேண்டும்.

போலி என்று தெரிந்துவிட்டால்

முதலில், தெரிந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள். வாங்கிய பொருளில் மறைந்த குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் தெரிந்தவுடன் திருப்ப வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் குறை தெரிந்த பிறகும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அதைப் பொருந்திக்கொண்டதாக ஆகிவிடும். எந்த மத்ஹபில் பார்த்தாலும், ஆறு மாதம் ஓட்டிவிட்டுச் சண்டைக்குப் போக வழியில்லை.

பில்லோடு கடைக்குப் போங்கள். திரையில் வந்த செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சபையில் மானத்தை வாங்காமல் தனியாகச் சொல்லுங்கள். அவரும் மொத்த வியாபாரியிடம் ஏமாந்திருக்கலாம். அசல் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் தர வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள்; தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் தூரமாகப் போகும். ஏமாந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டி நஷ்டத்தை ஈடுகட்ட நினைக்காதீர்கள். அப்போது குவியலுக்குச் சொந்தக்காரர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள்.

கணினியைச் சுத்தம் செய்ய கிராக் கோப்பை அழித்தால் போதாது. அது எதையெல்லாம் உள்ளே விட்டதோ தெரியாது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறொரு டிரைவில் எடுத்துவிட்டு, மென்பொருள் கோப்புகள் எதையும் எடுக்காமல், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை முழுவதுமாகப் புதிதாகப் போடுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு நல்ல சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் திருடனிடம் போகும்.

பணம் இல்லை என்பவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வேர்ட், எக்செல் வேலைகளுக்கு லிப்ரே ஆஃபிஸ், படங்களுக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். அனைத்தும் இலவசம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் உரிமையாளர்களே அனுமதித்தவை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக்கில் உருவானது. முதல் இரண்டு வாரம் கை தடுமாறும் என்பது உண்மைதான். பிறகு பழகிவிடும்.

கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் நம் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர்தான் இலவசமாகப் போட்டுத் தரச் சொல்லி வற்புறுத்துகிறார், மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார் என்பீர்கள். நியாயமான கஷ்டம்தான். ஆனால் கொட்டேஷனிலேயே இரண்டு விலையாக எழுதுங்கள்: அசல் விண்டோஸோடு இவ்வளவு, லினக்ஸ் போட்டு இவ்வளவு. மூன்றாவது வரியை எழுதாதீர்கள். எதை எடுப்பது என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அலுவலகக் கணினிக்கு வாங்கும் விண்டோஸ், டேலி, வைரஸ் தடுப்பு ஆகியவற்றின் பில்லையும் சீரியல் எண்களையும் ஒரே கோப்பில் போட்டு, வரவு செலவு நோட்டோடு பூட்டி வையுங்கள். லைசென்ஸை இப்போதைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் பதியாமல், ஜமாஅத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து அதில் பதியுங்கள். தேர்தல் முடிந்து நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தோடு அந்தக் கடவுச்சொல்லும் கை மாற வேண்டும். புதிய செயலாளர் அன்றைக்கே அதை மாற்றிவிட வேண்டும்.